பாகூர்ப் பக்கம் ஒரு தண்ணீர் முறை, ஃபாக்ஸ்புரோவிலிருந்து பைத்தானுக்கு

எங்கள் ஊர் ஏரி மடையில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை போடும் நிரலை, வேலையில் இருந்த காலத்தில் நான்தான் ஏரிப் பாசனச் சங்கத்துக்கு ஃபாக்ஸ்புரோ என்ற பழைய கணினி மொழியில் எழுதிக்கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு அதைப் பைத்தான் என்ற இன்றைய மொழிக்கு மாற்றியதும் நானே. பழைய கணினி எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் நிலையில் இருந்தது. மாற்றியது சரியான முடிவு. அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

செய்த விதம்தான் தவறு. ஃபாக்ஸ்புரோவில் 112/2 என்ற சர்வே எண்ணை 112 உடன் ஒப்பிட்டால், தொடக்கம் ஒத்துப்போவதால் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடும். அந்தத் தளர்ச்சி எனக்குப் பிடிக்காது. பைத்தானில் முழுதும் ஒத்தால்தான் சமம் என்று கறாராக எழுதினேன். ஒரு பருவம் பழைய நிரலையும் புதியதையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம் என்றார் சங்கச் செயலாளர். தேவையே இல்லை என்றேன்.

புதிய நிரல் முறைக்காரர்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்பியது. அப்போதுதான் நடவு முடித்திருந்த ஒரு பெண் சங்கத்துக்கு வந்தார்.

"எல்லாருக்கும் மெசேஜ் வந்துகீது சார். எனக்கு மட்டும் இன்னாத்துக்கு வரல?"

அப்பாவின் நிலத்தை அண்ணனும் அவரும் பாகம் பிரித்திருந்தார்கள். கணினியில் அண்ணன் பெயர் மட்டுமே வந்தது. சொத்துத் தகராறு என்று நானாக முடிவுகட்டினேன்.

"அண்ணன் பேர்லதாம்மா முறை இருக்கு. அவர்கிட்ட பேசிக்கோங்க."

"உங்க கம்ப்யூட்டருக்கு நான் எங்கப்பனுக்குப் பொறக்கலையா?"

அவர் நேராகப் போய், அண்ணனைத் தெருவில் வைத்துத் திருடன் என்று கத்தினார். அது காதில் விழுந்த பிறகுதான் பழைய கணினியில் பழைய நிரலை ஓட்டினேன். தங்கையின் பெயரும் வந்தது. அண்ணன் பங்கு 112 என்ற பழைய எண்ணிலேயே இருந்தது. தங்கையின் பங்கு 112/2. தண்ணீர் பாயும் நிலங்களைக் குறித்த மடைப் பட்டியலிலோ 112 மட்டும்தான். நான் வெறுத்த தளர்ச்சிதான் அதுவரை அவருக்குத் தண்ணீர் விட்டிருக்கிறது.

நிரலைத் திருத்துவது சின்ன வேலை. திருத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அவருடைய முறை கடந்துவிட்டது. அடுத்த முறைக்குள் நட்ட பயிர் கருகிவிடும். மறுநாள் காலை அண்ணன் வயலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கை வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என்னோடதும்மா. அண்ணன் ஒண்ணும் பண்ணல."

"இப்ப வந்து சொல்றீங்களே சார்! நான் அவன்கிட்ட இன்னா மூஞ்ச வெச்சிக்கினு போவேன்?"

"நான் சொல்றேன். நீங்க கூட வந்தா போதும்."

அண்ணன் மண்வெட்டியுடன் வரப்பில் நின்றிருந்தார். எதையும் விடாமல் சொன்னேன். அவர் தங்கையைப் பார்க்கவேயில்லை.

"ஊரு நடுவுல திருடன்னு சொல்லிட்டா சார் என்னை."

"அப்படிப் பேச வெச்சது நான்தான்."

"பயிரு இன்னா பண்ணுச்சு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வயலுக்கும் இடையிலிருந்த வரப்பை வெட்டிவிட்டார். தங்கை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் ஏறாத மேட்டுப் பக்கத்துக்கு ஓடினார்.