எண்ணெய் குடித்த பெல்ட்: வேலூரிலிருந்து ஆம்பூருக்கு இஞ்சின் சைக்கிளில்

சாமுவேலின் கால் முறிந்ததற்கு, சைக்கிளில் இஞ்சின் கட்டி நான் செய்த வண்டிதான் காரணம் என்று ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முடிவு கட்டிவிட்டார்கள். வண்டியைப் பிரித்துப் பார்க்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. வாசல் சுவரில் என் பெயரைச் சுண்ணாம்பால் எழுதி, இவனிடம் வண்டி வாங்காதே என்று போட்டிருக்கிறார்கள். படிக்காத கிழவன் இஞ்சினைத் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்றாராம் அங்குள்ள மேஸ்திரி. அது பொய்.

அந்தத் தொழிற்சாலைக்கு இரண்டு வண்டிகள் செய்து கொடுத்தேன். ஒன்று கணக்கர் சாமுவேலுக்கு. மற்றொன்று, கிராமங்களுக்குப் போய்த் தோல் வாங்கும் யாக்கூப் பாய்க்கு. சாமுவேலை வேலூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.

"மாதனூர் தாண்டி வர்றேன், பெல்ட் பட்டுனு அறுந்து சக்கரத்துல சுத்திக்கிச்சு. அவ்ளோதான் தெரியும்" என்றான்.

"நான் போட்ட பெல்ட்டா?"

"இல்ல பெரியப்பா. அது பழசாச்சுன்னு மேஸ்திரி நம்ம தோல்லயே ஒண்ணு வெட்டிப் போட்டாரு. யாக்கூப் பாய் வண்டிக்கும் அதே தோல்தான்."

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. யாக்கூப் பாய் தினமும் அந்த வண்டியில் போகிறவர். மறுநாள் விடிந்ததும் என் இஞ்சின் சைக்கிளில் ஆம்பூருக்குப் புறப்பட்டேன்.

வேலூரிலிருந்து ஆம்பூர் முப்பது மைலுக்குச் சற்று அதிகம். பள்ளிகொண்டா வரை சாலை நன்றாக இருக்கிறது. பிறகு பாலாற்று மணல் காற்றில் வந்து சாலையில் படிந்திருக்கும். அதனால்தான் இஞ்சினைச் சைக்கிள் சட்டத்தின் நடுவில் தாழ்வாகக் கட்டச் சொல்கிறேன். கைப்பிடிக்கு முன்னால் கட்டியவன் மணலில் விழாமல் போகமாட்டான். பின்சக்கரக் கம்பிகளில் இஞ்சின் பெல்ட் ஓடும் வளையத்தைப் பிடிக்கும் மரையாணிகளைப் புறப்படும் முன் ஒவ்வொன்றாக முறுக்கிப் பாருங்கள். எட்டு மைலுக்கு ஒருமுறை நிறுத்தி இஞ்சினை ஆறவிடுங்கள். அவசரத்தில் ஈரத்துணி போட்டால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். பெட்ரோல் இரண்டு புட்டி கூடவே இருக்கட்டும், வழியில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் எதிரே வந்தால் இஞ்சினை அணைத்து, மிதித்துக்கொண்டு போங்கள். மாடு மிரண்டால் பழி நமக்குத்தான் வரும்.

வெயில் ஏறுவதற்குள் ஆம்பூர் போய்ச் சேர்ந்தேன். தொழிற்சாலை வாசலில் யாக்கூப் பாய் தோளில் பையோடு, வண்டியில் ஏறி ஒரு காலை மிதியில் வைத்து நின்றிருந்தார்.

"இன்னா பெரியவரே, உங்க பேரு செவுத்துல கீது, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இறங்குங்க."

"பேரணாம்பட்டுல ஆட்டுத்தோல் காத்துனு கீது. பேஜார் பண்ணாதீங்க."

நான் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் இறங்கினார். பெல்ட்டைத் தொட்டேன். விரலெல்லாம் பிசுபிசுத்தது. மீன் எண்ணெய் நாற்றம். அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார்.

"எண்ணெய் ஊட்டித்தான் போட்டேன். மாடு கட்டித் தண்ணி எறைக்கிற கவலைத் தோல் கெணத்துல எத்தினி வருஷம் ஒழைக்குது? எண்ணெய் போடாத தோலு ஒரு தோலா?"

"கவலைக்குச் சரி. அது வளைஞ்சு கொடுத்தா போதும். இது சக்கரத்தைப் பிடிக்கணும். வழுக்குச்சா இல்லையா?"

"வழுக்குச்சு" என்றார் யாக்கூப் பாய். "ரெண்டு வாட்டி வெட்டி இறுக்கினாரு."

நடந்தது இதுதான். எண்ணெயில் ஊறிய பெல்ட் வழுக்கியது. அதைக் குட்டையாக்கி இறுக்கினார்கள். ஊறி மெத்தென்று ஆன தோல் அந்த இறுக்கத்தைத் தாங்கவில்லை. இரு முனைகளையும் சேர்க்கும் கொக்கி மாட்டும் துளைகள் நீண்டு கீறலாகிவிட்டன. பெல்ட்டைக் கழற்றி இரண்டு கையாலும் இழுத்தேன். துளையோடு பிய்ந்து வந்தது.

"கையால இழுத்தா எதுவுந்தான் கிழியும்" என்றார் மேஸ்திரி.

என் வண்டியின் பெல்ட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். இழுத்தார். ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டும் இழுத்தார். சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். "மேஸ்திரி, பிரியாணி துன்னுட்டு வந்து இழுங்க" என்றான் ஒருவன். அவர் பெல்ட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். யாக்கூப் பாய் தோள்பையை இறக்கிக் கீழே வைத்தார்.

திரும்பும் வழியெல்லாம் மேஸ்திரியைப் பற்றித்தான் நினைத்தேன். தோலை அவரளவு அறிந்தவர் அந்தப் பக்கத்தில் குறைவு. அத்தனை அறிந்ததால்தான் யாரையும் கேட்கத் தோன்றவில்லை. அதை மன்னிக்கிறேன். சுவரில் எழுதியதை மன்னிக்க மாட்டேன்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இஞ்சின் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பெல்ட்டில் எண்ணெய் படவிடக் கூடாது. பட்டால் சாக்கட்டித் தூளைத் தேய்த்து உறிஞ்ச விடவேண்டும். முதுகுத் தோலில்தான் வெட்டவேண்டும், வயிற்றுத் தோல் ஆகாது. கொக்கித் துளை ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே இருக்கவேண்டும். துளை நீண்டால் அன்றே பெல்ட்டை மாற்றவேண்டும். தொழிற்சாலை முதலாளி சுவரை வெள்ளையடிக்க வேண்டும், என் பெயர் இருந்த இடத்தை மட்டும் அல்ல, முழுச் சுவரையும். மேஸ்திரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாமுவேலிடம் நடந்ததைத் தன் வாயால் சொல்லவேண்டும். நான் அனுப்பும் புது பெல்ட் வந்து சேரும்வரை யாக்கூப் பாய் பேரணாம்பட்டுக்கு நடந்துதான் போகவேண்டும். என்மேல் கோபம் வந்தால் வரட்டும். நடக்க அவருக்கு இரண்டு கால் இருக்கிறது.