தக்கைச் சட்டையை அறுத்தவன் சொல்வது

பேய், பிசாசு, மாடன், யட்சி எதையும் நான் வாழ்க்கையில் மதித்ததில்லை. இருட்டுக்குப் பயந்திருந்தால் தக்கலைச் சந்தையில் எண்ணெய் டின்னைத் தலையில் சுமந்து விற்ற நான் மூன்று கடைக்கு முதலாளி ஆகியிருக்க மாட்டேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் நான் காய்ச்சிய வலித்தைலத்தை வாங்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஆள் வரும். இதை முதலிலேயே சொல்வது, இனி சொல்லப்போவதைக் கேட்டுக் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நீங்கள் நினைக்கக்கூடாதே என்றுதான்.

நாடு விடுதலை பெற்று ஐந்தாறு வருஷம் இருக்கும். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். மலையில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குப் போனார். அவர் குளச்சலில் வைத்துப் பொழுதுபோக்காக ஓட்டிய சின்னப் பாய்ப்படகை நான் வாங்கினேன். மீன் பிடிக்க அல்ல, சும்மா உல்லாசமாகப் போய்வர. ஜில்லாவிலேயே அப்படி ஒன்று வைத்திருந்த வியாபாரி நான் ஒருவன்தான். படகோடு தக்கையை உள்ளே வைத்துத் தைத்த கித்தான் சட்டைகளும் வந்தன. மார்பில் கட்டிக்கொண்டால் ஆள் மூழ்க மாட்டானாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்தச் சட்டைகளைக் கிழித்து, தக்கையை எல்லாம் அறுத்து, தைலக் குப்பிகளுக்கு மூடி போட்டுவிட்டேன். அவ்வளவு நல்ல தக்கை அந்தக் காலத்தில் கிடைக்காது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

படகை ஓட்ட வைத்திருந்த சூசை குளச்சல்காரன், கடலிலேயே பிறந்தவன் மாதிரி. அவன் தலையில் கை வைத்துவிட்டான்.

"மொதலாளி, எங்க கட்டுமரம் கவுந்தாலும் மெதக்கும், பிடிச்சிக்கிட்டுக் கெடப்போம். இது அடியில இரும்பு வச்ச சாதனம். கவுந்தா கல்லு மாதிரி போவும். அதுக்குத்தான் வெள்ளைக்காரன் அந்தச் சட்டைய வச்சிருந்தான்."

"லே சூசை, உனக்குப் பயமா இருந்தா ஒரு குப்பி தைலம் தாரேன், நெஞ்சுல தடவு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஏழெட்டு நெற்றுத் தேங்காயை மட்டையோடு கயிற்றில் கோர்த்துப் படகின் முனையில் போட்டுவைத்தான். "கெடக்கட்டும்" என்றான். கடவுளுக்கு நன்றி, அதை நான் தூக்கி எறியவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் என் தங்கை பொன்னம்மாளின் புருஷன் செல்லையாவைக் கடலுக்கு அழைத்தேன். அவன் நாஞ்சில்நாட்டு வயற்காட்டுப் பிள்ளை, குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவன். பொன்னம்மா எட்டு மாசக் கர்ப்பிணி.

"அண்ணே, அவியளுக்கு நீச்சல் தெரியாது, கேட்டியளா" என்றாள்.

"நான் இருக்கேம்லா. போன மாதிரியே கொண்டாந்து விடுதேன்."

படகில் ஏறியது நான், செல்லையா, சூசை, மூன்றே பேர். மதியத்துக்கு மேல் கடல் எண்ணெய் போலக் கிடந்தது. சூசை முன்னால் உட்கார்ந்திருந்தான். பாய்க்கயிற்றை நான் பிடித்திருந்தேன். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக் கை வேண்டுமே என்று கயிற்றைப் படகுக் கட்டையில் முடிந்துவிட்டேன். சூசை திரும்பிப் பார்த்து, "மொதலாளி, அதக் கெட்டாதிய, கையில வையுங்க, காத்து வந்தா விடணும்" என்று சொல்லி வாய் மூடவில்லை, மேற்கே கறுத்த மேகத்திலிருந்து ஒரு காற்று வந்து பாயில் அறைந்தது. முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. படகு சரிந்தது, நிரம்பியது, சூசை சொன்ன மாதிரியே கல்லாகப் போய்விட்டது.

தேங்காய்க் கோர்வை மட்டும் மிதந்தது. சூசை என் தலைமுடியைப் பிடித்து இழுத்து அதில் சேர்த்தான். செல்லையாவைக் காணோம். மழை கண்ணை மறைத்தது. "அளியா, அளியா" என்று தங்கை புருஷனைத் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒரு கட்டுமரம் வந்து எங்களை ஏற்றிய பிறகும் கரைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். பொன்னம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? நம்பினால் நம்புங்கள், அன்றுவரை யாரையும் கும்பிடாத நான் கடலைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பொழுது சாயும் நேரம், இன்னொரு மரத்துக்காரர்கள் அவனைக் கொண்டுவந்தார்கள். உயிரோடு. சாய்வு நாற்காலியில் கிடப்பவனைப் போல, மார்பு தண்ணீருக்கு மேலே நிற்க, மல்லாந்து மிதந்தானாம். பக்கத்தில் ஒரு துண்டுக் கட்டைகூட இல்லையாம். அவன் போட்டிருந்த மேல்சட்டையைக் கழற்றினால் நெஞ்சிலும் தோளிலும் பட்டைபட்டையாகச் சிவந்த தடம், நடுவில் முடிச்சு அழுந்திய குழி. அந்தத் தக்கைச் சட்டைகளைக் கையால் கிழித்தவன் நான், அதன் நாடா எங்கே வரும், முடிச்சு எங்கே விழும் என்று எனக்குத் தெரியாதா.

"யாரோ பின்னாலேருந்து கெட்டிவிட்டாங்க மச்சான்" என்றான் செல்லையா. "மூஞ்சியப் பாக்கல்ல. நம்ம தமிழ்தான் பேசினாங்க. 'கைய விரி, கால அடிக்காத'ன்னு சொன்னாங்க."

சூசை சிலுவை போட்டுக்கொண்டான். அடுத்த மாசம் பிறந்த பெண் இன்று நாகர்கோவிலில் வாத்தியார் அம்மா. நான் மறுபடி ஒரு படகு வாங்கினேன், பயந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாதல்லவா. ஆனால் அதில் ஆளுக்கு ஒரு தக்கைச் சட்டை, கட்டையில் முடிந்து வைக்காத பாய்க்கயிறு, தேங்காய்க் கோர்வை, எல்லாம் இருந்தன. ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணுவேன். இவ்வளவு காலம் எங்களைச் சேர்ந்த ஒருவரையும் கடல் எடுத்ததில்லை. அது என் சாமர்த்தியம் என்று பெருமை பேச எனக்கு நாக்கு வராது.

செல்லையா கிழவனாகிப் படுக்கையில் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், ஒண்ணு ஒங்ககிட்ட சொல்லாம வச்சிட்டேன். அன்னைக்குக் கடல்ல கெட்டி முடிச்ச பொறவு அவரு கேட்டாரு, 'படகுல எத்தன பேருடே'ன்னு. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிட்டிருந்து. வாயில வந்தது, நாலுன்னு சொல்லிட்டேன். 'சரி, மத்தவங்களையும் பாக்கேன்'னுட்டுப் போனாரு."

அதை எண்ணித்தான் எனக்கு இன்னும் தூக்கம் கெடுகிறது. வருஷா வருஷம் சித்திரைக் கடைசியில் குளச்சல் கரையில் நின்று, "நாங்க மூணு பேருதான், எல்லாரும் கரை சேந்தாச்சு, இனி தேடாதிய, நீங்க போயி இருங்க" என்று கத்துகிறேன். வலைக்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் யாராவது அந்தப் பக்கம் படகில் போய், தண்ணீரிலிருந்து ஒருவர் ஆள் கணக்குக் கேட்டால், தயவுசெய்து சரியாகச் சொல்லிவிடுங்கள்.