மாமாவுக்குப் பால் பவுடர்

மஸ்கட்டில் நர்ஸ் வேலை. லீவில் வந்தவள் இன்று பழங்காநத்தத்தில், தாய்மாமா வீட்டில் பெட்டியைத் திறந்தேன்.

ஒவ்வொரு லீவிலும் ஒரே வழக்கம். ஆண்களுக்கு செண்ட். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க, பெண்களுக்குப் பால் பவுடர்.

இந்தத் தடவை வேண்டுமென்றே மாற்றினேன். செண்ட் பாட்டிலை அத்தை கையில் கொடுத்தேன்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு என்னத்தா கொண்டாந்த?"

பால் பவுடர் டின்னை நீட்டினேன்.

"இத வச்சு நான் என்னத்தா செய்ய?"

"டீ போடுங்க மாமா. எங்களுக்கும் சேத்து."

முறைத்தார். நானும் முறைத்தேன். டின்னோடு அடுப்படிக்குப் போனார்.

உள்ளேயிருந்து குரல்: "சீனி எங்கடி இருக்கு?"

அத்தை செண்டை அடித்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருசமா வச்ச எடத்துலதான் இருக்கு."

உங்கள் வீட்டில் செண்ட் யாருக்கு, பால் பவுடர் யாருக்கு? உண்மையைச் சொல்லுங்கள்.