பின்வாசல் இல்லாத பன்னிரண்டு கட்டங்கள்

"இது எத்தனாவது வகுப்புப் பிள்ளைகளுக்கு?" என்று கேட்டார் என் வழிகாட்டிப் பேராசிரியர்.

கட்டடக் கலைப் படிப்பின் நான்காம் ஆண்டு மதிப்பீடு அது. சுவரில் நான் ஒட்டியிருந்தது பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு படக்கதை. வெளியிலிருந்து வந்திருந்த நடுவர்கள் இருவரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் சிரித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். ஆறாவது கட்டத்தில் நின்றார். ஏழுக்குப் போனார். மறுபடி ஆறுக்கு வந்தார். அந்தக் கட்டத்தில் ஒரு பெண் நனைந்த பிளாஸ்டிக் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் ஒரு கூடத்தின் நடுவில் நிற்கிறாள். நடுவர் எதையோ கேட்க வாயெடுத்தார். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த மாணவரை அழைத்தார்கள்.

இந்தக் கல்லூரியில் சேர்வதற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு தமிழ் நாளிதழில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். செய்தியோடு வரும் விளக்கப்படங்களை வரைவது என் வேலை. பேருந்து எந்த வளைவில் திரும்பியது, தடுப்புச் சுவர் எங்கே இல்லை, எத்தனை அடி கீழே விழுந்தது என்பதை மூன்று கட்டங்களுக்குள் சொல்ல வேண்டும். யார், எங்கே, எப்போது என்ற மூன்றில் ஒன்று விடுபட்டாலும் செய்தி ஆசிரியர் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தோடுதான் இருபத்தேழு வயதில் பாலக்காட்டுப் பக்கம் படிக்க வந்தேன்.

முதல் ஆண்டில் செங்கல் அடுக்கும் முறைகளைப் பாடப்புத்தகத்தில் மூன்று முறை படித்து மூன்று முறையும் மறந்தேன். நான்காவது முறை ஒரு கொத்தனாரை வரைந்தேன். முதல் கட்டத்தில் முழுக் கல்லை வைக்கிறார். இரண்டாவதில் கரண்டியால் ஒரு கல்லைத் தட்டி உடைக்கிறார். மூன்றாவதில் அந்தத் துண்டை மூலையில் வைக்கிறார், மேல் வரிசையின் இணைப்பு கீழ் வரிசையின் இணைப்புக்கு நேராக வராமல் தள்ளிப் போகிறது. ஏன் உடைத்தார் என்பது படத்திலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் மறக்கவில்லை. அஸ்திவாரம், தூண், மாடிப்படி என்று எல்லாவற்றையும் அப்படியே ஒரு நோட்டில் வரைந்து படித்தேன்.

என் அறைத்தோழி பாலக்காட்டின் தமிழ் எல்லையோரத்து எருத்தேன்பதிக்காரி. அவள் வீட்டில் தென்னையும் நிலக்கடலையும் விளைகின்றன. என்னைவிட ஒன்பது வயது இளையவள். அந்த நோட்டை முதலில் நகலெடுத்தது அவள்தான்.

"ஏனுங்க்கா, அந்தக் கொத்தனாரு அடுத்தது என்ன பண்றாருன்னு பாக்கறதுக்கே படிச்சனுங்க. பாஸாயிட்டேன்," என்றாள். "ஆனா ஒண்ணுங்க. அவரு மொகத்தைக் கொஞ்சம் சிரிச்சாப்ல போட்டிருக்கலாம். எங்கூட்டுக்குக் கிணறு கட்ட வந்தவரு மாதிரியே மொறைக்கறாரு."

வகுப்பு முழுக்க நகல்கள் போயின. ஒரு நாள் ஆசிரியர் அறையில், என் வழிகாட்டியின் மேசை மேலேயே ஒரு நகலைப் பார்த்தேன். தூண் அடித்தளம் பற்றிய பக்கம். மேலே தேநீர் டம்ளர் வைத்த வட்டக் கறை. பாடம் நடத்த உதவும்போது அது அவர் மேசையில் இருக்கலாம். மதிப்பெண் கேட்டுச் சுவரில் ஏறினால் மட்டும் அது பிள்ளைகள் சமாச்சாரம்.

நான்காம் ஆண்டில் எங்களுக்குக் கொடுத்த வேலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. பழைய லயங்களை, அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகளை, இடித்துவிட்டுப் புதிய வீடுகள் கட்டப்போகிறார்கள். அந்த வேலையைப் பேராசிரியரின் சொந்த அலுவலகம் எடுத்திருந்தது. பழைய வீடுகளை அளந்து வரைந்து தருவது மாணவர்கள் பொறுப்பு. மூணாறை அடுத்த சித்திரபுரம் பக்கம் ஒரு தோட்டம். நான் பிறந்து வளர்ந்த லயம் அதில்தான் இருக்கிறது.

கல்லூரிப் பேருந்து காலை பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தது. வேலைக்குப் போகிற அத்தனை பேரும் மலையில் இருந்தார்கள். என்னைத் தெரியாத புது வாட்சர் மூன்று வீடுகளைத் திறந்துவிட்டார். முன்னால் ஓர் அறை, பின்னால் அடுக்களை. மூன்றில் ஒன்று என் அம்மாவின் வீடு. நான் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் சேலை தொங்கும் கயிற்றுக்குக் கீழே குனிந்து நின்றேன். இது என் வீடு என்று யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமா என்று கேட்டால், ஆமாம். மதியச் சாப்பாட்டுக்குள் அளந்து முடித்துவிட்டோம். ஆளில்லாத நேரத்தில் ஆளில்லாத வீட்டை அளந்து, பத்துக்குப் பன்னிரண்டு, பலபயன் அறை என்று ஆங்கிலத்தில் எழுதினோம்.

இரண்டு மாதம் கழித்து அம்மா தொலைபேசியில் அழைத்தாள்.

"ஏட்டி, மஸ்டர் ஆபீஸ்ல புது வீட்டுப் படம் ஒட்டியிருக்காவ. நல்லாத்தான் இருக்கு. சோபா இருக்கு. ஒரு பொம்பளை பூச்செடிக்குத் தண்ணி ஊத்துறா."

"அது கம்ப்யூட்டர்ல போட்ட படம்மா. சோபா தரமாட்டாங்க. பக்கத்துல கோடு போட்ட ஒரு படம் இருக்குமே, அதைப் பாத்தியா?"

"பாத்தேன். கோடுதான் இருந்துது."

வருகிற சனிக்கிழமை எல்லாரும் அங்கே, காலையில் ஆட்களுக்குப் பேர் போடும் அந்த ஆபீஸில், சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். கையெழுத்து விழுந்த பிறகு வரைபடம் மாறாது, லயத்தை இடித்துவிடுவார்கள். பத்திரம் மலையாளத்தில் இருந்தது. வரைபடத்தில் எழுத்தெல்லாம் ஆங்கிலம். கையெழுத்துப் போடப்போகிற பதினெட்டு வீட்டுக்காரர்களும் படிப்பது தமிழ். தெரியாமல் நடந்த பிழை என்று இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் ஒரு படத்துக்கு இருந்த மூன்று கேள்விகளில் இந்த வரைபடம் ஒன்றுக்குத்தான் பதில் சொன்னது. எங்கே என்று சொன்னது. யார் என்றோ எப்போது என்றோ அதில் இல்லை.

அந்த வரைபடம் எங்கள் வகுப்பிலும் இருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: உள்ளேயே கழிப்பறை கொடுத்திருந்தார்கள். அடுக்களை மூலையில் விறகடுப்புக்கு மேடையும் புகைபோக்கியும் இருந்தன. அதை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் மழைக்காலத்து ஒரு நாளைப் பன்னிரண்டு கட்டங்களில் வரைந்தேன். விடியும் முன் அடுப்பு மூட்டுவதிலிருந்து படுக்கை விரிப்பது வரை. அந்த வார வியாழக்கிழமை மதிப்பீட்டுக்கு அதைச் சுவரில் ஒட்டினேன். நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"நாந்தான் சொன்னனுங்களே," என்றாள் அறைத்தோழி, சுவரிலிருந்து ஒட்டுநாடாவை உரித்துக்கொண்டே. "இந்தாளு ஊட்டு வரைபடத்துல ஆளு இருந்தாப் புடிக்காதுங்க. காலி ஊடுதான் வேணும். ஏனுங்க்கா, இப்ப இதை என்ன பண்றது?"

"இதைப் படிக்க வேண்டியவங்க வேற இடத்துல இருக்காங்க."

வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை வழியாக மறையூருக்கு வந்தேன். மூணாறு பேருந்துக்கு நேரம் இருந்தது. அங்கே ஒரு நகல் கடையில் பதினெட்டு பிரதிகள் கேட்டேன். கடைக்காரர் தாளை இயந்திரத்தில் வைக்காமல், நின்றபடியே பன்னிரண்டு கட்டங்களையும் படித்தார்.

"அப்புறம் அந்தம்மா அதை எங்கதான் மாட்டுச்சு?"

"தெரியலைங்க. இடமில்லை."

"வீடு கட்டுனவன் கையிலயே குடுக்கணும்," என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். நான்கு வருடப் படிப்பில் என் வரைபடத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான விமர்சனம் அது.

வேலை முடிந்து ஆட்கள் வருவதற்கு முன் வீட்டுக்குப் போய்விட்டேன். ஐந்து மணிக்குமேல் லயத்துக் குழாயடியில் தாள்களைக் கொடுத்தேன். வரைபடத்தைக் கோடு என்று சொன்னவர்கள் இதைச் சத்தமாகப் படித்தார்கள். கூடத்தில் ஈரத்தோடு நிற்கும் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள். யார் மூக்கு மாதிரி இருக்கிறது என்று சண்டை போட்டார்கள். நனைந்ததை மாட்ட இடமில்லை என்பதைக் கண்டுகொள்வார்கள், அதுதான் நான் சொல்ல வந்தது என்று காத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை ஆறாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.

"யாருடி இவ? ஆபீசர் பொண்டாட்டியா?"

"கொழுந்து எடுத்துட்டு வாறா அத்தை."

"கொழுந்து எடுத்துட்டு வாறவ முன்வாசல் வழியா வந்து, நனைஞ்ச பிளாஸ்டிக் பேப்பரோட நடுவீட்டுல நிக்கா. காலுல இருக்க அட்டையையும் கூட்டிட்டுப் போயி சோபாவுல உக்கார வைக்கப் போறாளோ?"

குழாயடியில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கத்துக்கு வந்தாள்.

"பின்வாசல் எங்கட்டி?"

மழைக்காலத்தில் மலையிலிருந்து வருகிற யாரும் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போவதில்லை. லயத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வருவார்கள். பின்வாசல் படியில் நின்று, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளை அவிழ்த்துக் கூரையோரத்து இறப்பில் கட்டிய கம்பியில் போடுவார்கள். உப்பு முடிச்சை எடுத்துக் கணுக்காலிலும் விரலிடுக்கிலும் தேய்ப்பார்கள். அட்டைகள் அங்கேயே உதிரும். கால் கழுவிவிட்டு, படியேறினால் அடுக்களை, அடுப்புச் சூடு. பதினேழு வயது வரை நானும் அந்தப் படியில் நின்றிருக்கிறேன். என் இடது கணுக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

வரைபடத்தில் புதிய வீடுகள் முதுகோடு முதுகாக ஒட்டி நின்றன. ஒரு வீட்டுக்கு ஒரே வாசல். அதை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தும் என் கண்ணில் படவில்லை. அம்புக்குறி போட்டு நுழைவு என்று எழுதியிருந்தார்கள், நான் அந்தப் பெண்ணை அந்த அம்பின் வழியாகவே நடக்க விட்டேன். பேராசிரியர் மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கை அன்றைக்கு எனக்கே எடுத்துக்கொண்டேன்.

அத்தை என் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, ஆறாவது கட்டத்தின் பின்சுவரில் ஒரு வாசலைப் போட்டாள். கோணலாக இருந்தது. பேனா கைமாறி ஒவ்வொரு தாளுக்கும் போயிற்று. ஒருவர் படி போட்டார். ஒருவர் கம்பி கட்டினார். யாரோ அந்தப் பெண்ணின் காலில் அட்டையும் வரைந்து, "இது உங்க வீட்டுக்காரர் மாதிரி, விடாது," என்று பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினார்கள்.

சனிக்கிழமை காலை மஸ்டர் ஆபீஸில் மேனேஜர் இருந்தார். பேராசிரியரும் வந்திருந்தார். நான் வரிசையின் கடைசியில் நின்றேன். மேசையில் பத்திரங்கள், மை டப்பா. முதல் ஆளாக அத்தை போனாள். பேனாவைத் தொடாமல் நகலைப் பத்திரத்தின் மேல் வைத்தாள்.

மேனேஜர் பார்த்தார். "வாசல் ஒரு சின்னக் காரியம் அல்லே. அது பின்னே நோக்கலாம். இப்ப ஒப்பு போடு."

"சின்னக் காரியம்தானே சார். இப்பவே போட்டுத் தாங்க. பென்சில் வேணுமா?"

பேராசிரியர் நகலைக் கையில் எடுத்தார். நான் போடும் கோடு அவருக்குத் தெரியும். இரண்டு நாளுக்கு முன் அதே படத்தின் முன்னால் நின்று எத்தனாவது வகுப்புக்கு என்று கேட்டவர் அவர். இந்த முறை பன்னிரண்டு கட்டங்களையும் படித்தார். இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் பின்னால் வாசல் வைக்க வழியில்லை என்று மலையாளத்தில் மேனேஜரிடம் சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது.

"இது ஆரு வரச்சது?" என்று கேட்டார் மேனேஜர்.

யாரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

"நாங்கதான் சார்," என்றாள் அம்மா. "பதினெட்டு வீடும் சேந்து."

பொய் என்று சொல்ல முடியாது. பதினெட்டு தாள்களிலும் பதினெட்டு வாசல்கள் இருந்தன, ஒன்றுபோல் ஒன்றில்லை. அன்றைக்குக் கையெழுத்து விழவில்லை. எல்லாரும் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். பேராசிரியர் என் பக்கமாக நடந்து வந்து, என்னைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினார்.

மதிப்பெண் வந்தது. தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. குறிப்பில், "சமர்ப்பித்தவை கட்டடக் கலை வரைபடங்கள் அல்ல" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எது வரைபடம் என்று அவர்களிடம் நான் கேட்கவில்லை. ஒன்றை யாரும் படிக்க முடியவில்லை, கையெழுத்து மட்டும் கேட்டது. இன்னொன்றைப் படித்தவர்கள் திருத்தினார்கள்.

போன வாரம் அம்மா அழைத்தாள். திருத்திய வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்களாம். வீடுகளைப் பிரித்து நடுவில் சந்து விட்டிருக்கிறார்களாம். இந்த முறை அவள் சோபாவைப் பற்றிப் பேசவில்லை.

"பின்வாசல் வந்துட்டு. படியும் இருக்கு. நம்ம அத்தை விரலை வச்சு வாசல்ல இருந்து உள்ள நடந்து பாத்தா. அடுப்புல போயி முட்டணும்லா? முட்டலை. மேடையைக் காணோம், புகைபோக்கியையும் காணோம். வாசலைக் குடுத்துட்டு அடுப்பை எடுத்துட்டாவ."

"கையெழுத்து எப்பம்மா?"

"அடுத்த சனிக்கிழமை. நீ வெள்ளிக்கிழமையே வந்துரு. இந்தத் தடவை பேனா ரெண்டு மூணு கொண்டா. போன தடவை ஒரு பேனாவுக்கு அடிச்சிக்கிட்டோம்."