அனஸ்ரேசியாவின் வெள்ளைத் தூள்

ஆரபி எதையும் இலேசில் நம்பமாட்டாள். பால் பெட்டியில் திகதி போட்டிருந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தேநீரில் ஊற்றுவாள். ஒஸ்லோவில் அவள் வேலை செய்த ஆய்வுகூடத்துக்கு அந்தக் குணம் பொருத்தமாகத்தான் இருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கும் என்று வந்த எத்தனையோ பொருட்களை அவள் சோதித்துத் தள்ளியிருந்தாள். பிடிப்பது பெரிய காரியமில்லை. பிடித்த வாயுவைப் பிரித்தெடுக்கத்தான் கடும் வெப்பம் வேண்டும். அதற்கே மின்சாரம் கொள்ளை போய்விடும்.

பக்கத்து நகரான திராமனிலிருந்து வேலைக்கு வந்துபோகும் இளைய தமிழ் ஆய்வாளர் அனஸ்ரேசியா செய்த வெள்ளைத் தூளோ, தேநீர்ச் சூட்டிலேயே வாயுவை விட்டுவிடுகிறதாம். காற்றைச் செலுத்தினால் தூளின் எடை ஏறியது, சூடாக்கினால் இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஏறியது வாயுவா, வெறும் ஈரமா என்று ஆரபிக்கு மனம் அரித்தது. போதாததற்கு, அனஸ்ரேசியா ஓர் அலுமாரியைப் பூட்டியே வைத்திருந்தாள். ஆரபி உள்ளே வந்தால் கணினித் திரையை அணைத்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை, யாருமில்லாத நேரத்தில், ஆரபி கொஞ்சம் தூளை எடுத்துச் சோதித்தாள். ஈரம் நீக்கிய காற்றிலும் எடை ஏறியது. அப்படியென்றால் வாயுவைப் பிடிப்பது உண்மைதான். அவளுக்கு அது போதவில்லை. கரியமில வாயு இல்லாத ஈரக்காற்றைச் செலுத்தினாள். அப்போதும் ஏறியது. எல்லோருக்கும் காட்டிய எடை ஏற்றத்தில் பாதி தண்ணீர்.

திங்கட்கிழமை அவள் நேரே ஆய்வுகூடத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். தூளைப் பற்றி வெளியிடவிருந்த அறிவிப்பு நிறுத்தப்பட்டது.

மதியம் அனஸ்ரேசியா கண் சிவக்க வந்து நின்றாள்.

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா?"

"கேட்டா, தூள் நல்லாத்தான் இருக்கு எண்டு சொல்லியிருப்பாய்."

"இல்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஈரம் ஏறாத மாதிரி மேல்பூச்சுப் போட்டு, அந்த அலுமாரிக்கை வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தனான். முடிவு வந்தாப் பிறகு உங்களுக்குத்தான் முதல் காட்ட நினைச்சனான்."

"அப்ப ஏன் ஸ்கிரீனை மூடினனீ?"

"நீங்கள் பாக்கிற பார்வை அப்பிடி, அக்கா."

ஆனாலும் அன்று மாலை ஆரபி, அனஸ்ரேசியா சொன்னது உண்மைதானா என்று அலுமாரியைத் திறந்து காட்டச் சொன்னாள். பூசிய தூள் வரிசையாக இருந்தது.

கோடைக்குள் அந்தப் பூச்சு ஈரத்தை ஓரளவு தடுத்தது. அறிக்கையில் இருவர் பெயர்களும் வந்தன. ஆரபி கேக் வாங்கி வந்தாள். அனஸ்ரேசியா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு நோர்வேஜிய மொழியில் நன்றி சொன்னாள். அதன்பின் அவள் ஆரபியோடு தமிழில் கதைக்கவேயில்லை.