அம்மாவின் இடப்பக்கம்

எட்டு வயதுவரை அம்மாவின் இடப்பக்கம் என்னுடையதாக இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா பாயில் சரிந்தால், நான் போய் அந்தப் பக்கம் ஒட்டிக்கொள்வேன். பிறகு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று அந்தப் பக்கத்து மார்பை எடுத்துவிட்டார்கள். என்னிடம் சொன்னது ஏதோ கட்டி எடுத்தது என்று மட்டும்தான்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது கமக்கட்டுக்குக் கீழிருந்து மெல்லிய குழாயொன்று இறங்கி, சிவப்பு நீர் தேங்கிய போத்தலில் முடிந்தது. அந்தப் போத்தலை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் கொழுவியிருந்தார். பார்க்க வந்த அப்பாவின் அக்கா, சாவகச்சேரி மாமி, "என்ன, பையோடை சந்தைக்கு வெளிக்கிட்டிட்டியோ?" என்றார்.

"சிரிக்கப் பண்ணாதையுங்கோ மச்சாள், தையல் இழுக்குது."

அம்மாவோடு படுக்க எனக்குத் தடை. போத்தலைக் கழற்றிய பிறகும் தடை நீங்கவில்லை. இடக்கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்தது. விரல்களைச் சுவரில் எறும்புபோல ஏற்ற வேண்டும், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட ஏற்ற வேண்டும் என்று நேர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா வீடு கட்டுகிற மேசன். அம்மாவின் வலக்கையை உயர்த்தச் சொல்லி, அது எட்டிய இடத்தில் மட்டப்பலகை வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு கீறினார்.

"இடக்கையும் இதைத் தொட்டால் அம்மா பழையபடி. பிறகு நீ பக்கத்திலை படுக்கலாம்," என்றார் என்னிடம்.

அம்மா காலையும் மத்தியானமும் சுவரோடு நின்றார். விரல்கள் ஏறும், நிற்கும், வழுக்கி இறங்கும். கண் கலங்கினால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் அம்மா கிணற்றடிக்குப் போன நேரம், கதிரையில் ஏறி, அழிறப்பரால் கோட்டை அழித்துவிட்டு, இரண்டு சாண் கீழே இன்னொன்று கீறினேன்.

அன்று மத்தியானம் அம்மாவின் இடக்கை விரல் கோட்டைத் தொட்டது. சாப்பிட வந்த அப்பா சுவரையே பார்த்தபடி நின்றார்.

"என்னப்பா இது, சுவர் நிலத்துக்குள்ளை தாண்டுபோச்சோ? கோணலாயும் கிடக்கு. இது என்ரை கோடில்லை."

"உங்கடை கோடுதான். உங்களுக்குத்தான் கண் தெரியேல்லை. பேசாமல் சாப்பிடுங்கோ." அம்மா என் பக்கம் திரும்பினார். "வா குஞ்சு, படுப்பம்."

ஓடிப்போய் இடப்பக்கம் சரிந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்.

"இனி இந்தப் பக்கம் படு. அங்கை நோகும்."

கோட்டைத்தான் தொட்டாயிற்றே, இன்னும் என்ன நோ? கோபத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தேன். அம்மா பின்னாலிருந்து என்னை இறுக்கினார். "அஞ்சு நிமிசம் கிட பிள்ளை." வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. கையை விலக்கிவிட்டு ஓடிவிட்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வவுனியாவில் தையல், கொழும்பில் கடை, இப்போது கட்டாரில் வீட்டு வேலை. அம்மா சுகமாக இருக்கிறார். கை முழுதாக எழும்புகிறது என்று போனில் சொல்லுவார். எப்போது வருகிறாய் என்று கேட்பார். கால் ஓரிடத்தில் நிற்காத நான், அடுத்த வருசம் என்று சொல்லிவைப்பேன்.

அந்த மத்தியானத்துக்காக அம்மாவும் நானும் என்ற இருவரில் நான் மட்டும்தான் ஏங்கிக் காத்திருந்தேன் என்று அப்போது நினைத்திருந்தேன்.