புல்லாங்குழல் கொஞ்சம் பொறுக்கட்டும்

கிள்ளான் துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் வாரமெல்லாம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் லோகேஸ்வரி, சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளுக்குக் கீபோர்ட் வாசிப்பாள். முகுந்தனின் இசைக்குழுவில் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. யாராவது பாராட்டினால் கூச்சப்பட்டு நெளிகிற ஆள் இல்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்பதுபோல் தலையாட்டிக்கொள்வாள்.

அவளுக்குத்தான் இப்போது குழுவில் இடம் ஆட்டம் கண்டிருந்தது. பழைய கீபோர்ட் உயிரை விட்டதும் ஆசை ஆசையாகப் புதிது வாங்கினாள். ஒரே கட்டையை அழுத்தினால் புல்லாங்குழலும் வயலின் கூட்டமும் சேர்ந்து ஒலிக்கும்படி அடுக்கிவைத்தாள். புல்லாங்குழல் விரலோடு வந்து நின்றது. வயலினோ மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மாமா மாதிரி ஆடி அசைந்து வந்தது.

வயலினின் தொடக்கத்தை வெட்டிவிடச் சொன்னான் முகுந்தன். வெட்டினால் அது தகரம்போல் ஒலிக்கும், மெல்ல எழும்புவதுதான் அதற்கு அழகு என்று மறுத்துவிட்டாள். புல்லாங்குழல் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று அதைத் தாமதப்படுத்தினாள். கருவியிலேயே அதற்கு வழி இருந்தது. இரண்டும் ஒன்றாக எழும்பின. ஆனால் இப்போது மொத்த ஒலியும் விரலுக்குப் பிறகு வந்ததால், தாளத்துக்குச் சற்று முன்பே அழுத்தப் பழகிக்கொண்டாள். குழு பயிற்சி செய்யும் பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில், தனியாகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து வாசித்தால் கச்சிதமாக இருந்தது. குழுவோடு சேர்ந்தால் மட்டும் பின்தங்கினாள்.

கிள்ளானில் நடந்த கல்யாண விருந்துக்கு முகுந்தன் லேப்டாப்போடு வந்திறங்கினான். ஒலிச் சோதனையிலும் சரிவராவிட்டால் அவள் பங்கை லேப்டாப்பே வாசிக்குமாம், அவள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமாம். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயமும்தான்.

முதல் பாட்டைத் தொடங்கினார்கள். மறுபடி அதே கதை. முகுந்தன் லேப்டாப்பைத் திறந்தான். லோகேஸ்வரி நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுக் கையைக் கட்டைகள்மேல் இறக்கினாள். அழுத்தவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த கிஷனின் டிரம் டம் என்றது.

வார நாளில் லோரி ஓட்டிவிட்டு விருந்துகளில் டிரம் அடிக்கும் கிஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண் அவள் கைமேலேயே இருந்தது. பழைய கீபோர்டில் விரலோடு ஒலியும் வந்ததால், இத்தனை வருஷமும் அவள் கையைப் பார்த்தே அடித்துப் பழகியிருக்கிறான். அவள் முந்த முந்த அவனும் முந்தியிருக்கிறான், அவள் ஒலி மட்டும் பின்னால் வந்திருக்கிறது. லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து, கை அவனுக்குத் தெரியாதபடி கீபோர்டை ஸ்டாண்டோடு திருப்பி வைத்தாள்.

“அக்கா, கை தெரியலையே. நான் எப்ப அடிக்கிறது?”

“காதால கேட்டு அடி லா.”

முதல் வரியில் கிஷன் தடுமாறினான். இரண்டாவது வரியில் பிடித்துக்கொண்டான். பல்லவி திரும்ப வந்தபோது டிரம்மும் வயலினும் புல்லாங்குழலும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. மேசை விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

முகுந்தன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். நம்பாமல் மூன்றாவது தடவையும் கேட்டான். அவளும் சளைக்காமல் வாசித்தாள். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“அடுத்த வாரம் செராஸ்ல ஒரு டின்னர் இருக்கு லோகா. நீ வர்றதானே?”

“நான் வராம வேற யாருண்ணே வாசிக்கிறது?”